சின்னப் பக்கம் வருகிறது, பெரிய பக்கம் வரவில்லை: ஒரு வீட்டு சர்வரின் ஏழு நாள்

பின்னணி

இதில் வருபவர் தொழிலால் கணக்கர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் கணினியோடு உட்காருவது அவருடைய பொழுதுபோக்கு. வலை நிரலாக்கம், இயங்குதளம், நெட்வொர்க்கிங் என்று மூன்றிலும் கை வைப்பார், ஆனால் மூன்றும் சம அளவில் கைவரவில்லை. நிரல் எழுதுவதில் சரளம். லினக்ஸ் ஆறேழு வருடப் பழக்கம். நெட்வொர்க்கிங் பக்கம் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வரிசை முக்கியம். நான் அவருடைய நண்பன். ஆறாவது நாள்தான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்தையதை அவர் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

ஒரு பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, ஃபிளாஸ்க் என்ற பைதான் கட்டமைப்பில் எழுதிய சிறிய வலைச் செயலி ஒன்றை ஓட்டிவந்தார். குடும்பத்திலும் நண்பர்களிடமும் சுற்றிவரும் புத்தகங்களின் பட்டியல் அது: எந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது, அட்டைப்படம், இரண்டு வரிக் குறிப்பு. தரவுகள் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில். பயன்படுத்துபவர்கள் இருபது பேர் இருப்பார்கள்.

அவருடைய வீட்டு இணைப்பில் ஐபிவி4 (இணைய முகவரியின் பழைய முறை) பொது முகவரி, அதாவது வெளியிலிருந்து நேரே வந்து சேரக்கூடிய முகவரி, கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் சிஜிநாட் ஏற்பாடு. எனவே பொது முகவரி உள்ள ஒரு சிறிய வாடகை சர்வரை எடுத்து, அதற்கும் லேப்டாப்புக்கும் இடையில் வயர்கார்டு டன்னல் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) போட்டிருந்தார். உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாடகை சர்வரில் இருக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருள் வாங்கி, டன்னல் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும். பதில் அதே வழியில் திரும்பும். எட்டு மாதம் இப்படியே எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

தொந்தரவு தொடங்குவதற்குப் பதினான்கு நாள் முன்பு, ஒரு வார இறுதியில், இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6 கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். இரண்டு காரியம் செய்தார். பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் வாடகை சர்வரின் பெயருக்கு ஐபிவி6 முகவரியையும் சேர்த்தார். எந்தத் தரவை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும், லேப்டாப்பின் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் ஐபிவி6க்கான விதிகளை எழுதினார். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. குறிப்பில் "முடிந்தது" என்று எழுதி மூடிவிட்டார்.

முதல் புகார்

ஒரு சனிக்கிழமை இரவு டெபியனின் புதுப்பிப்புகளைப் போட்டார். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்திருந்ததால் லேப்டாப்பை ரீபூட் செய்தார். ஞாயிறு காலை அவருடைய அக்காவிடமிருந்து செய்தி: "தம்பி, உள்ள போக முடியுது. லிஸ்ட்டைத் தொட்டா வெறும் வெள்ளையா நிக்குது."

அவர் வீட்டு வைஃபையில் இருந்தபடி, லேப்டாப்பின் உள் முகவரியைப் போட்டுத் திறந்து பார்த்தார். பட்டியல் சட்டென்று வந்தது. அக்காவின் போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். மாலைக்குள் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

அன்று இரவு லாக்குகளைத் திறந்தார். செயலியின் லாக் பட்டியல் பக்கத்தைச் சில பத்து மில்லிவினாடியில் முடித்து அனுப்பிவிட்டதாகச் சொன்னது. வாடகை சர்வரில் என்ஜின்எக்ஸின் அணுகல் லாக்கில் 200 என்ற நிலை எண் இருந்தது, அதாவது வெற்றி. பிழை லாக்கில் மட்டும், பின்னால் இருக்கும் லேப்டாப்பிலிருந்து பதிலைப் படிக்கும்போது நேரம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி. என்ஜின்எக்ஸ் இதற்கு இயல்பாக 60 வினாடி காத்திருக்கும்.

"அனுப்பிவிட்டேன்" என்று செயலி சொல்கிறது, "வரவில்லை" என்று என்ஜின்எக்ஸ் சொல்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஏதோ ஒன்று பொய் என்று எடுத்துக்கொண்டார். சந்தேகம் தன் நிரல் மேல் விழுந்தது.

திங்கள் முதல் புதன் வரை: நிரலில் தேடியது

எனக்கு இந்த மூன்று நாள்தான் இந்த நிகழ்விலேயே சுவையான பகுதி. அவர் சோம்பேறித்தனமாக எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு படியும் அன்று கையில் இருந்த தகவலுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

பட்டியல் பக்கம் பெரியது, உள்நுழையும் பக்கம் சிறியது. பெரியது நிற்கிறது, சிறியது வருகிறது. ஆகவே தரவுத்தளத்திலிருந்து மொத்தப் பட்டியலையும் ஒரே மூச்சில் எடுப்பதுதான் காரணம் என்று முடிவு செய்து, பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்தார். கூடவே ஃபிளாஸ்கிலேயே பதிலை ஜிஜிப் முறையில் சுருக்கி அனுப்ப வைத்தார்.

பட்டியல் வந்துவிட்டது. அக்காவும் "இப்ப சரியா இருக்கு" என்றார். அவரும் "வினவல் கனம், சரிசெய்தாயிற்று" என்று குறிப்பில் எழுதினார்.

பத்துப் புத்தகங்களின் பக்கம் சுருக்கியபின் ஒரு கிலோபைட் அளவுக்கு வந்துவிட்டது. ஒரே பாக்கெட்டில், அதாவது நெட்வொர்க்கில் ஒரு தடவையில் போகும் தரவுத் துண்டில், அடங்கிப்போனது. நோய் அப்படியே இருக்க, நோயாளி அதன் பாதையிலிருந்து விலகி நின்றுகொண்டார், அவ்வளவுதான். மறுநாள் அட்டைப்படங்கள் எதுவும் வரவில்லை என்று புகார் வந்தது. படங்கள் ஒவ்வொன்றும் நாற்பது கிலோபைட் சுமார். அவற்றைச் சுருக்கி ஒரு பாக்கெட்டில் அடைக்க முடியாது. செவ்வாய் மாலையும் புதன் முழுவதும் படங்களை அனுப்பும் நிரலைப் பிரித்து மேய்ந்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த நாள்களில் இரண்டு தடயங்கள் கண்முன் வந்து போயின. ஒன்று: அலுவலகத்திலிருந்து டன்னல் வழியாக லேப்டாப்புக்குள் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழைந்தால் சின்னக் கட்டளைகள் உடனே பதில் தந்தன, நீளமான லாக் கோப்பைத் திறந்தால் திரை உறைந்தது. "லேப்டாப் பழசு" என்று விட்டுவிட்டார். இரண்டு: புதிய புத்தகத்தின் படத்தை வெளியிலிருந்து பதிவேற்றினால் தடங்கலில்லாமல் ஏறியது. எதிர்த்திசையில் மட்டும் நின்றது. இரண்டையும் குறிப்பில் எழுதி வைத்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எழுதியிராவிட்டால் எனக்கு அரை நாள் கூடுதலாகப் பிடித்திருக்கும்.

வியாழன்: கெர்னல் மீது பழி

சிக்கல் புதுப்பிப்புக்குப் பின் வந்தது என்பதை வியாழக்கிழமை நினைத்துப் பார்த்தார். பூட் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து மறுபடி ரீபூட் செய்தார். மாற்றம் இல்லை. புதிய கெர்னலுக்குக் குற்றமில்லை என்று சரியாகவே முடிவு செய்தார். அங்கிருந்து ஒரே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும்: சனிக்கிழமை இரவு மாறியது கெர்னல் மட்டுமா, அல்லது ரீபூட் ஆனதே ஒரு மாற்றமா? எட்டு மாதத்தில் அந்த லேப்டாப் ரீபூட் ஆனது அதுவே இரண்டாவது தடவை. முதல் தடவை, ஐபிவி6 வேலைகளுக்கு வெகு முன்பு.

டன்னலையும் பார்த்தார். வயர்கார்டின் நிலை அறிக்கையில் கடைசிக் கைகுலுக்கல் (இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது) ஒரு நிமிடம் முன்பு நடந்ததாக இருந்தது. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டார், ஒன்றுகூடத் தவறவில்லை. டன்னல் நலம் என்று எழுதினார். ஆனால் கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சிறியவை. பிங் இயல்பாக அனுப்புவது வெறும் 56 பைட் சுமை. இரண்டுமே சிறிய வண்டிகள் போகும் வழியை மட்டும் சோதித்தன.

வெள்ளி: கவனித்தவை

வெள்ளி மாலை என்னை அழைத்தார். "எல்லாமே நல்லா இருக்கு, ஆனா வேலை செய்யல" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். பெரியது நிற்கிறது, சிறியது போகிறது, ஒரு திசையில் மட்டும் என்று குறிப்பில் படித்ததுமே பாக்கெட் அளவைப் பற்றிய சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், முதலில் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

முதலில் லேப்டாப்பில் ஒரு படத்தைக் கோரவிட்டு, அந்த இணைப்பின் நிலையை எஸ்எஸ் கட்டளையால் பார்த்தோம். அனுப்பும் வரிசையில் பல்லாயிரம் பைட் தேங்கி நின்றது. மறு அனுப்பல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளி இரட்டித்தது. செயலியின் லாக்குக்கும் என்ஜின்எக்ஸின் லாக்குக்கும் இருந்த முரண் இங்கே தீர்ந்தது. செயலி "அனுப்பிவிட்டேன்" என்றால் கெர்னலின் கையில் கொடுத்துவிட்டேன் என்றுதான் பொருள். தபால் பெட்டியில் போட்டாயிற்று, அதற்கு மேல் அதற்குத் தெரியாது.

அடுத்து இரு முனையிலும் டன்னலுக்குள் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டினோம். வாடகை சர்வரில் பதிலின் தலைப்பு வந்திருந்தது. 200 என்ற எண் அதிலிருந்துதான் லாக்குக்குப் போயிருக்கிறது. அதன்பின் முழு அளவுத் துண்டுகள் ஒன்றுகூட இல்லை. ஆனால் சில கோரிக்கைகளில் பதிலின் கடைசிச் சிறு துண்டு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. தலை இருக்கிறது, வால் இருக்கிறது, உடம்பு இல்லை. இதைப் பார்த்தபின் நிரலைச் சந்தேகிக்க இடமே இல்லை.

பிறகு லேப்டாப்பிலிருந்து டன்னல் வழியாக, துண்டாடக் கூடாது என்ற குறியோடு, அளவை ஏற்றி ஏற்றிப் பிங் அனுப்பினோம். டன்னலின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 பைட். ஐபி, ஐசிஎம்பி (பிங்கையும் பிழைச் செய்திகளையும் சுமக்கும் நெறிமுறை) தலைப்புகளுக்கு 28 பைட் போக 1392 வரை சுமை போக வேண்டும். 1380 போனது. 1381 போகவில்லை.

கணக்கு இடித்த இடம்

வயர்கார்டின் நிலை அறிக்கையை மறுபடி பார்த்தபோது எதிர்முனை முகவரி நீளமாக, முக்காற்புள்ளிகள் நிறைந்ததாக இருந்தது. டன்னல் ஐபிவி6 மீது ஓடிக்கொண்டிருந்தது. அவர் வியாழனன்று இதே வரியைப் பார்த்திருந்தார், ஆனால் கைகுலுக்கல் நேரத்தை மட்டும் படித்திருக்கிறார்.

கணக்கு இப்படி. வயர்கார்டு ஒரு பாக்கெட்டைச் சுமக்கும்போது தன் பங்காக 32 பைட், தான் பயணிக்கும் யூடிபி நெறிமுறைக்கு 8 பைட் சேர்க்கும். வெளி உறை ஐபிவி4 என்றால் மேலும் 20, ஐபிவி6 என்றால் 40. ஆக 1420 பைட் உள்ள உள் பாக்கெட், ஐபிவி4இல் 1480 ஆகும், ஐபிவி6இல் சரியாக 1500 ஆகும். அவருடைய ரவுட்டர் இணையத்தோடு பேசுவது பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை மூலம். வழக்கமான 1500இல் அதற்கு 8 பைட் போய்விடுவதால் வெளிப்பாதையில் இடம் 1492தான். 1480 நுழையும். 1500 நுழையாது.

ஆனால் 1492இலிருந்து உறையின் மொத்தமான 80ஐக் கழித்தால் 1412 வருகிறது. எங்கள் பிங்கோ, தலைப்புகளோடு சேர்த்து, 1408க்கு மேல் போகவில்லை. இந்த நான்கு பைட் எங்களைக் கொஞ்ச நேரம் ஆட்டி வைத்தது. வேறு ஏதோ இருக்கிறது, கணக்கு முழுதும் தப்பு என்றுகூடத் தோன்றியது. கடைசியில் வயர்கார்டின் ஒரு பழக்கம் நினைவுக்கு வந்தது: உள்ளே இருக்கும் பாக்கெட்டின் உண்மையான நீளம் தெரியாமலிருக்க, அதை 16இன் மடங்காக நிரப்பியே மறையாக்கம் செய்யும், டன்னலின் எம்டியுவைத் தாண்டாமல். 1408 என்பது 16இன் மடங்கு. உறையோடு 1488, நுழையும். 1409 வந்தால் 1424க்கு ஏற வேண்டும், 1420இல் நிறுத்தப்படும். உறையோடு 1500, நுழையாது. எண் பொருந்தியதும்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ஏறக்குறையப் பொருந்துகிறது என்று விட்டிருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன்.

இனி, ஏன் பதினான்கு நாள் தாமதம்? வயர்கார்டு எதிர்முனையின் பெயரை முகவரியாக மாற்றுவது டன்னலை எழுப்பும்போது ஒரே ஒரு தடவை. டிஎன்எஸ்ஸில் புது முகவரி சேர்த்த அன்று டன்னல் ஏற்கெனவே ஐபிவி4இல் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அது பெயரைத் திரும்பக் கேட்கவே இல்லை. ரீபூட்டில்தான் கேட்டது, ஐபிவி6ஐத் தேர்ந்தது. காரணம் ஒரு வார இறுதியில் விதைக்கப்பட்டு, முளைத்தது இன்னொரு வார இறுதியில்.

வாசலில் திருப்பிவிடப்பட்ட கடிதம்

பாக்கெட் பெரிதாக இருப்பது மட்டும் இவ்வளவு தொல்லை தராது. ஐபிவி6இல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாடுவதில்லை. நுழையாத பாக்கெட்டைக் கைவிட்டு, "பாக்கெட் மிகப் பெரிது, என் பாதையில் இவ்வளவுதான் இடம்" என்று அனுப்பியவருக்கு ஒரு ஐசிஎம்பிவி6 செய்தி தரும். அனுப்பியவர் அதைப் படித்து அளவைக் குறைத்துக்கொள்வார். அந்தச் செய்தி வந்ததா?

வந்தது. லேப்டாப்பின் ஈதர்நெட் முனையில் டிசிபிடம்ப் வைத்ததும் 1492 என்ற எண்ணைத் தாங்கிய செய்திகள் ரவுட்டரிடமிருந்து வரிசையாக வந்து விழுவது தெரிந்தது. லேப்டாப் எதையும் காதில் வாங்காமல் 1500 பைட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முன்னால். ஆகவே செய்தி வாசல் வரை வருகிறது. வாசலில் யாரோ வாங்கிக் கிழித்துப் போடுகிறார்கள்.

ஃபயர்வால் விதிகளைத் திறந்தோம். அவர் அண்டைக் கண்டறிதல், ரவுட்டர் அறிவிப்பு, பிங் ஆகியவற்றை அனுமதித்து, மீதி ஐசிஎம்பிவி6 அனைத்தையும் கைவிடச் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த வரியில், ஏற்கெனவே உள்ள இணைப்புகளையும் அவற்றோடு தொடர்புடையவற்றையும் அனுமதிக்கும் வழக்கமான விதி. இந்த இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தால், "மிகப் பெரிது" என்ற செய்தி தொடர்புடையதாகக் கருதப்பட்டு உள்ளே வந்திருக்கும். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன; முதல் வரியிலேயே அதன் கதை முடிந்தது. ஐசிஎம்பி என்றால் ஆபத்து என்ற ஐபிவி4 காலத்துப் பழக்கம் அவர் கைக்கு வந்துவிட்டிருந்தது. இந்தச் செய்தியை எந்த ஃபயர்வாலும் தடுக்கக் கூடாது என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. அதை அவர் படித்ததில்லை. யார்தான் பொழுதுபோக்குக்கு ஃபயர்வால் எழுதும்போது ஆர்எஃப்சி படிக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. லேப்டாப்பிலிருந்து ஐபிவி6இல் வேறு தளங்களுக்குப் போவது ஏன் கெடவில்லை? டிசிபி (வலைப்பக்கங்களைச் சுமக்கும் நெறிமுறை) இணைப்பு தொடங்கும் பாக்கெட்டுகளைப் பார்த்ததும் விடை கிடைத்தது. வெளியிலிருந்து வரும் பதிலில் எம்எஸ்எஸ் (ஒரு துண்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) 1432 என்று இருந்தது: 1492இலிருந்து தலைப்புகளின் 60 கழிந்த எண். வழியில் ரவுட்டர் அதைக் குறைத்துவிடுவதால் டிசிபி ஆரம்பத்திலேயே சிறிய துண்டுகளுக்கு ஒத்துக்கொள்கிறது. வயர்கார்டு யூடிபி. அதில் குறைப்பதற்கு அப்படியொரு எண்ணே கிடையாது.

எடுத்த முடிவுகள்

வெள்ளி இரவு, மக்கள் பயன்படுத்தட்டும் என்று, இரு முனையிலும் டன்னலின் எம்டியுவை 1280ஆக இறக்கினோம். ஐபிவி6 எந்தப் பாதையிலும் உறுதியளிக்கும் குறைந்தபட்ச அளவு அது. உறையைச் சேர்த்தாலும் 1360தான். படங்கள் உடனே வந்தன. இது தற்காலிகம் என்று பேசி வைத்துத்தான் செய்தோம்.

சனிக்கிழமை 1420க்கே திரும்பினோம். வேண்டுமென்றே நோயைத் திரும்ப வரவழைத்தோம். அவருக்கு இது பிடிக்கவில்லை. சரியானதை ஏன் கெடுக்க வேண்டும் என்றார். திங்களன்று ஜிஜிப் செய்த "சரி"யை நினைவூட்டினேன், அதற்கு மேல் பேசவில்லை. ஃபயர்வாலில் அந்த இரண்டு வரிகளை மட்டும் இடம் மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை. முதல் படம் ஒரு கணம் தயங்கி வந்தது. அடுத்தவை தயக்கமின்றி வந்தன. பழைய வரிசைக்கு மாற்றி, பாதை பற்றி கெர்னல் நினைவில் வைத்திருந்ததை அழித்ததும் மீண்டும் நின்றது. காரணம் நிறுவப்பட்டது.

அதன்பின் நிரந்தர ஏற்பாடாக இரண்டு செய்தோம். "மிகப் பெரிது" செய்தியைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் தனி விதி, இனி வரிசை மாறினாலும் பாதிக்காதபடி எல்லாவற்றுக்கும் மேலே. டன்னலின் எம்டியு இரு முனையிலும் 1412. ஃபயர்வாலைத் திருத்தியதே போதும், ஆனால் அப்போது ஒவ்வொரு முழு அளவுப் பாக்கெட்டும் வெளி உறையில் இரண்டாக உடைந்து போகும். அந்த வீண் வேலை எதற்கு.

வேறு மூன்று வழிகளையும் யோசித்து விட்டோம். அமைப்புக் கோப்பில் பெயருக்குப் பதிலாக ஐபிவி4 முகவரியை எழுதுவது எல்லாவற்றிலும் எளிது, ஒரே வரி. ஆனால் ஃபயர்வால் தவறு அப்படியே கிடக்கும். லினக்ஸில் டிசிபி தானே அளவைத் தடவிக் கண்டுபிடிக்கும் அமைப்பு ஒன்று உண்டு, இயல்பாக அணைந்திருக்கும். அதைப் போட்டால் வலைப்பக்கங்கள் வந்துவிடும், ஆனால் அது டிசிபிக்கு மட்டும், அதோடு அடிப்படைக் குறையையும் மறைத்துவிடும். டன்னல் முனையில் எம்எஸ்எஸ்ஸைக் குறைப்பதும் அதே வகைதான். நாங்களே கையாளும் இரண்டே முனைகள் இருக்கும்போது மூலத்தைத் திருத்துவதுதான் மலிவு என்று தோன்றியது. நடுவில் நம் கைக்கு எட்டாத பாதை ஏதாவது இருந்திருந்தால் இந்த மூன்றாவதைத்தான் முதலில் செய்திருப்பேன்.

பிறகு நடந்தது

நான்கு மாதமாகப் புகார் இல்லை. எஸ்எஸ்எச் திரை உறைவதும் நின்றது. லேப்டாப்பின் வயது மேல் போட்ட பழியை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். பதிவேற்றம் ஏன் ஆரம்பத்திலிருந்தே ஓடியது என்பதையும் சோதித்தோம்: வாடகை சர்வரின் ஃபயர்வால் ஐசிஎம்பிவி6ஐத் தடுக்கவில்லை, ஆகவே அந்தத் திசையில் செய்தி போய்ச் சேர்ந்து, பாக்கெட்டுகள் துண்டாடப்பட்டு வந்துகொண்டிருந்தன.

என்ன மாறும்

அவர் இப்போது ஃபயர்வால் விதிகளையும் டன்னல் அமைப்பையும் நிரலோடு சேர்த்து கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் வைக்கிறார். பதினான்கு நாள் முந்தைய மாற்றம் முன்பே அங்கே இருந்திருந்தால், "கடைசியாக என்ன மாறியது" என்ற கேள்விக்குக் கெர்னல் என்ற பதிலோடு அவர் நின்றிருக்க மாட்டார். டிஎன்எஸ்ஸையோ டன்னலையோ தொட்டால், அன்றே லேப்டாப்பை ரீபூட் செய்து, வெளி இணைப்பிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பார்க்கிறார். உள் முகவரியில் சோதிப்பதை நிறுத்திவிட்டார். பிங் போடும்போது அளவையும் குறிப்பிடுகிறார்.

நான் மாற்றிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. செவ்வாயன்று அவர் போனில் அட்டைப்படச் சிக்கலைப் பற்றிச் சொன்னபோது "கேஷை அழிச்சுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டியல் வருகிறது, படம் வரவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது.

ஜிஜிப்பையும், பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரித்ததையும் தவறான நோயறிதலின் மிச்சம் என்று நீக்கிவிட நினைத்தார். ஜிஜிப்பை நீக்கினார். பட்டியலை மட்டும் அக்கா மாற்ற விடவில்லை: "அது இருக்கட்டும்டா, தேடறதுக்கு இப்பதான் வசதியா இருக்கு."